அப்பாவின் டைரியில் 180 என்று 41 தடவை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நூல்கண்டு
திங்கள், இரவு 9:40

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. வயது 79. மெக்கானிக்கல் இன்ஜினியர், அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளுக்காக அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டு அப்பாவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கம்ப்ரசர் இன்னும் ஒரு வருஷம்தான்" என்றார். எட்டு வருடமாக ஓடுகிறது, அந்த விஷயத்தில் அப்பா தப்பு. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் நேராகச் சொல்லித்தர மாட்டார். "முதல்ல சுமாரா எவ்வளவு வரும்னு சொல்லு" என்பார். நான் ஏதாவது சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட விடுவார். கால்குலேட்டருக்கு முந்தைய காலத்தில் கணக்குப் போட்ட அவருடைய ஸ்லைடு ரூல் இப்போதும் அதன் தோல் உறையோடு என் மேஜையில் இருக்கிறது.

ஆனால் வேலைக்குப் போன அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு வரிதான் சொல்வார்: "இன்னைக்கு ஓடிச்சு", இல்லையென்றால் "இன்னைக்கு நின்னுச்சு". அதற்கு மேல் கேட்டால் "உனக்குப் புரியாது" என்றுகூடச் சொல்ல மாட்டார், பேச்சை மாற்றிவிடுவார்.

31 டைரிகள் விட்டுப் போயிருக்கிறார். பாதி எனக்குப் புரியவில்லை. நான் பிறந்த நாளின் பக்கத்தை மட்டும் அப்படியே கீழே தருகிறேன்.

23:18 டிரிப். வேக்குவம்.
ஏ.சி. ஆயில் பம்ப் எடுக்கல. டி.சி. கையால் போட்டேன்.
23:57 நின்றது. பாரிங் எடுக்கல.
00:05 180
00:15 180
00:25 180
(இப்படியே பத்து நிமிடத்துக்கு ஒரு வரி)
01:10 வீட்டிலிருந்து போன்.
01:15 180
(மறுபடி அதே)
04:25 180. பெண். இருவரும் நலம்.
04:35 180
(மறுபடி அதே)
06:45 180. மோட்டார் சரி. பாரிங் ஆன்.

எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 41 தடவை 180. முதலில் ரத்த அழுத்தம் என்றுதான் நினைத்தேன், பயந்தேபோனேன். நான் பிறந்தது 4:02 என்று சான்றிதழில் இருக்கிறது. "நீ பிறந்தப்போ உங்கப்பா மெஷினோட இருந்தார்" என்பது எங்கள் வீட்டில் பழைய கிண்டல். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். முழுக்கச் சிரித்ததில்லை.

இந்தப் பக்கம் என்ன சொல்கிறது? யாராவது படித்துச் சொல்ல முடியுமா?


வெயில்மரம்
திங்கள், இரவு 10:05

ஆழ்ந்த இரங்கல். எனக்கு டர்பைன் தெரியாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 180 ரத்த அழுத்தம் இருந்தால் அந்த மனிதர் 79 வரை வந்திருக்க மாட்டார். அதனால் அது இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.


சி ஷிஃப்ட்
திங்கள், இரவு 11:52

படித்ததும் முதுகு சில்லென்றது. 180 என்பது டிகிரி. அரைச் சுற்று. உங்கள் அப்பா அன்றைக்கு ராத்திரி முழுக்க ரோட்டரை, அதாவது டர்பைனின் சுழலும் தண்டை, கையால் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் இதே துறைதான், பதினோரு வருடம் ஆகிறது. கையால் பாரிங் செய்வதைப் பயிற்சியில் கேட்டிருக்கிறேனே தவிர நேரில் பார்த்ததில்லை. பெரியவர்கள் யாராவது வந்து விவரமாக எழுதுவார்கள். கொதிகலன் ஐயா இருக்கிறீர்களா?


கொதிகலன்
செவ்வாய், காலை 5:30

இருக்கிறேன். ஓய்வு பெற்றாலும் இந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

தங்கச்சி, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் டர்பைன் ஹாலில் நின்றவன்தான். வரி வரியாகச் சொல்கிறேன்.

"டிரிப். வேக்குவம்." டர்பைனில் வேலை முடித்த நீராவி கீழே கண்டென்சருக்குப் போகும். அங்கே குளிர்ந்து தண்ணீராகிவிடும். நீராவி தண்ணீரானால் அது அடைத்திருந்த இடம் ஆயிரக்கணக்கான மடங்கு சுருங்கும், அதனால் அங்கே வெற்றிடம். குளிர்விக்கும் தண்ணீர் தடைபட்டாலோ, எங்காவது காற்று புகுந்தாலோ வெற்றிடம் போய்விடும். அதற்கு மேல் ஓட்டினால் ஆபத்து என்று மெஷின் தானாக நீராவியை வெட்டிக்கொள்ளும். அதைத்தான் டிரிப் என்பது. இது நடக்கிற விஷயம்தான், பெரிதில்லை.

அடுத்த வரியைத்தான் நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். "டி.சி. கையால் போட்டேன்."

டர்பைன் ஓடும்போது நிமிடத்துக்கு 3,000 சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இரண்டு துருவ ஜெனரேட்டர் என்றால் அதுதான் கணக்கு. பல டன் எடையுள்ள ரோட்டர் அந்த வேகத்தில் சுற்றும்போது தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த மாதிரி மெஷின்களில் எண்ணெயை அழுத்தும் பிரதான பம்ப் அதே தண்டில்தான் மாட்டியிருக்கும். டிரிப் ஆகி வேகம் குறையக் குறைய அந்தப் பம்பின் பலமும் குறையும். உடனே சாதாரண மின்சாரத்தில் ஓடும் ஏ.சி. பம்ப் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எடுக்கவில்லை. கடைசி ஆதாரம் பேட்டரியில் ஓடும் டி.சி. பம்ப். அதையும் உங்கள் அப்பா கையால்தான் போட்டிருக்கிறார்.

பேரிங்கின் உள்பக்கம் பாபிட் என்ற மெத்தென்ற உலோகம் பூசியிருக்கும். பெரும்பாலும் வெள்ளீயம். 1839-ல் ஐசக் பாபிட் என்பவர் கண்டுபிடித்தது, இன்றைக்கும் அதேதான். 240 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். எண்ணெய் இல்லாமல் அந்த ரோட்டர் கொஞ்ச நேரம் சுற்றினால் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு போகும். அப்புறம் மெஷினைப் பிரித்து மேய்ந்து, மறுபடி எழுப்ப மாதக்கணக்கு. அது நடக்கவில்லை. அதற்கு அவர் டைரியில் கொடுத்த இடம் ஒரு வரி.

இனி உங்கள் 180. மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், மருந்து சாப்பிட வேண்டும்.


அரைப்புள்ளி
செவ்வாய், காலை 9:15

நான் பத்திரிகையில் பிழைதிருத்தம் பார்ப்பவள், நினைவுமலர்கள் நிறையக் கைக்கு வரும். ஒன்று கேட்டுக்கொள்கிறேன் நூல்கண்டு. "எளிமையானவர், நேர்மையானவர், கடின உழைப்பாளி, அன்பான குடும்பத் தலைவர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் திருத்திய எல்லா மலர்களிலும் இந்த நான்கும் இருக்கின்றன. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உங்கள் கையில் 41 தடவை 180 இருக்கிறது. அது வேறு யாருக்கும் பொருந்தாது.

பதவி, பதவி உயர்வு, வருடம் எல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியில் போடுங்கள், போதும்.


கொதிகலன்
செவ்வாய், மாலை 6:20

விட்ட இடத்திலிருந்து.

ஓடும் டர்பைனுக்குள் வரும் நீராவி 540 டிகிரி அளவில் இருக்கும். மெஷின் நின்றவுடன் ரோட்டர் ஆறிவிடாது, நாள்கணக்கில் சூடாக இருக்கும். அப்படியே அசையாமல் விட்டால் என்ன ஆகும்? உறைக்குள் சூடு மேலே ஏறும். தண்டின் மேல்பக்கம் சூடு அதிகம், கீழ்ப்பக்கம் குறைவு. சூடான பக்கம் அதிகமாக நீளும். அதனால் தண்டு மேல்நோக்கி வில் மாதிரி வளையும். கண்ணுக்குத் தெரியாது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கெல்லாம் எங்களுக்குப் பெரிய வளைவு. அதோடு மெஷினை மறுபடி கிளப்பினால் அதிர்வு எகிறும், உள்ளே சீல்கள் உரசி நாசமாகும்.

அதனால் நின்றவுடன் ஒரு சின்ன மோட்டார் தண்டோடு சேர்ந்துகொண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டுக்கால் வாட்டுவது போலத்தான், ஒரே பக்கம் காயக்கூடாது. அதுதான் பாரிங் கியர். "பாரிங் எடுக்கல" என்றால் அந்த மோட்டார் சேரவில்லை.

அப்போது மனிதன்தான் மோட்டார். நீளமான லீவரைச் செருகி இரண்டு மூன்று பேர் தள்ளுவோம். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். அந்தக் கோடு மேலேயிருந்து கீழே வந்தால் அரைச் சுற்று, 180. பத்து நிமிடம் விடுவோம். மறுபடி 180, கோடு மேலே வரும். மேல்பக்கம் கீழே போனால் வளைவு தானாக நிமிரும். ஒரு முறை தவறினால் அடுத்த முறை தள்ளுவது கஷ்டம். அனல் அடிக்கும். சட்டை நனைந்து, காய்ந்து, உப்புப் பூக்கும். எப்போதும் காதடைக்கும் ஹாலில் அந்த மெஷின் பக்கம் மட்டும் சத்தமே இருக்காது. சத்தம் எங்களுக்குப் பழக்கம், அந்த அமைதிதான் பயம்.

41 தடவை என்றால் 20 முழுச் சுற்றும் ஒரு அரைச் சுற்றும். 3,000 சுற்று வேகத்தில் ஓடும்போது அந்த மெஷின் அரை நொடிக்குள் முடித்துவிடும் வேலை. அவருக்கு ஒரு ராத்திரி ஆகியிருக்கிறது.


பாலத்தடி
செவ்வாய், இரவு 8:47

எல்லோரும் நெகிழ்ந்து நிற்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

என் அப்பாவும் இன்ஜினியர்தான், பாலங்கள். பாலம் திறந்த நாள் போட்டோவில் அப்பா இருக்கிறார். என் பள்ளி போட்டோ எதிலும் இல்லை. பஸ்ஸில் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் அப்பா வாய்க்குள் எண்ணுவார், விரிவு இணைப்புகள் மேல் சக்கரம் ஏறும் டக் டக் சத்தத்தை. எத்தனை டக், எவ்வளவு இடைவெளி என்று எண்ணி நீளத்தைச் சொல்வார். என் வயது கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்.

கொதிகலன் ஐயா சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் லீவரைத் தள்ள மூன்று பேர் போதும் என்று அவரே சொல்கிறார். 01:10-க்கு வீட்டிலிருந்து போன் வருகிறது, மனைவிக்கு வலி. அந்த நேரத்தில் ஒரு இன்ஜினியர் "நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் உலகம் இருண்டுவிடாது. அவர் இருக்க வேண்டியிருந்ததா, இருக்க விரும்பினாரா? புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால் அதை நேர்மையாக யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெற்றோர் இறந்ததும் நாம் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறோம்.


நூல்கண்டு
செவ்வாய், இரவு 9:30

கோபமில்லை பாலத்தடி. நானும் இதே கேள்வியோடுதான் டைரியைத் திறந்தேன். பதில் தெரியவில்லை.


சி ஷிஃப்ட்
செவ்வாய், இரவு 10:10

நூல்கண்டு, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் அப்பா அன்று எந்த ஷிஃப்ட்? பக்கத்தில் 23:18-க்கு மேலே, 22:00 வாக்கில் ஏதாவது எழுதியிருக்கிறாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், பல இடங்களில் இரண்டாவது ஷிஃப்ட் 22:00-க்கு முடியும். டிரிப் ஆனது 23:18.


நூல்கண்டு
செவ்வாய், இரவு 10:41

இதை நான் தட்டச்சு செய்யாமல் விட்டுவிட்டேன். முந்தைய தேதிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது, பென்சிலில்.

"பி ஷிஃப்ட். 22:00 மாற்று ஆள் வரல. 22:30 வரல. போன் போட்டாச்சு."

யார் வரவில்லை என்று பெயர் இல்லை. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் பக்கங்களிலும் தேடினேன். குறையாக ஒரு வார்த்தை இல்லை.


சி ஷிஃப்ட்
செவ்வாய், இரவு 10:58

அதுதான். மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் பேனலை விட்டு யாரும் போகக்கூடாது. எந்தப் பிளான்டிலும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனவர் என்றால் மறுநாள் காலை 06:45 வரை பதினாறே முக்கால் மணி நேரம். அவருடைய ஷிஃப்ட் அதற்கு எட்டே முக்கால் மணி நேரம் முன்னாடியே முடிந்துவிட்டது.


பாலத்தடி
செவ்வாய், இரவு 11:20

சரி, அந்த ராத்திரியைப் பொறுத்தவரை என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். பொதுவாக அல்ல.


வெயில்மரம்
புதன், காலை 7:40

எனக்கு ஒரு யோசனை. ஓய்வு பெற்ற பிறகான வாழ்க்கையை எழுதும்போது "அப்பாவும் பாரிங் கியரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்" என்று ஆரம்பித்தால் அழகாக இருக்குமே? டக்கென்று நின்றால் வளைந்துவிடும், அதனால் மெதுவாக நடை, தோட்டம், பேரப்பிள்ளைகள் என்று.


கொதிகலன்
புதன், காலை 8:02

வேண்டாம் தம்பி. பாரிங் என்பது மெஷினை மறுபடி ஓட்டுவதற்காகச் செய்வது. எங்களை யாரும் மறுபடி ஓட்டப்போவதில்லை.


அரைப்புள்ளி
புதன், காலை 8:30

கொதிகலன் ஐயா பக்கம் நான். உவமை தேடினால் டைரி பின்னுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் பிறகும் எழுதினாரா என்று பாருங்கள் நூல்கண்டு.


நூல்கண்டு
புதன், இரவு 9:05

எழுதியிருக்கிறார், 31-ல் பன்னிரண்டு ஓய்வுக்குப் பிறகானவை. நடையெல்லாம் மாறவே இல்லை.

"06:10 நடை. 06:52 வந்தேன். இடது முழங்கால் சத்தம், நேற்றை விடக் கம்மி."
"மிக்ஸி புஷ் தேய்ந்தது. மாற்றியாச்சு."
"பேத்தி கணக்கு. சுமாரா 400 என்றாள். விடை 412. பரவாயில்லை."

கடைசி வரியைப் படித்து என் மகள் துள்ளிக் குதித்தாள். அப்பாவிடம் "பரவாயில்லை" வாங்குவது சாதாரணம் இல்லை. எனக்கு வாழ்நாளில் நான்கைந்து கிடைத்திருக்கலாம்.

விடையில் தசமப் புள்ளி எங்கே வரும் என்று ஸ்லைடு ரூல் சொல்லாது, மூன்று இலக்கம் வரைதான் தரும், 4.12-ஆ 412-ஆ என்பது நம் தலையில் இருக்க வேண்டும் என்பார். 1972-ல் முதல் சட்டைப்பை சைன்டிஃபிக் கால்குலேட்டர் வந்ததும் உலகம் ஸ்லைடு ரூலைத் தூக்கிப் போட்டுவிட்டது. அப்பா கால்குலேட்டர் வாங்கினார். ஆனால் "சுமாரா எவ்வளவு" போகவில்லை. இப்போதுதான் அது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

இன்னொரு பக்கம் காட்ட வேண்டும். ஆறு வருடம் முன்பு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. அந்த வாரத்து டைரி:

06:00 சொட்டு
08:00 சொட்டு
10:00 சொட்டு
11:20 கரண்ட் போச்சு. மருந்து ஃபிரிட்ஜில். 11:45 வந்தது.
12:00 சொட்டு

இப்படியே பக்கம் பக்கமாக. ஒன்றுகூடத் தவறவில்லை. இந்தப் பக்கத்தையும் நான் பிறந்த நாள் பக்கத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.


பாலத்தடி
புதன், இரவு 9:33

என் அப்பா டைரி எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும். என்ன கேட்பது என்று தெரியவில்லை, ஏதாவது ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்கிறேன்.


நூல்கண்டு
வியாழன், இரவு 8:50

இன்று அம்மாவிடம் கேட்டேன். 180 பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "நான் பிறந்த அன்னைக்கு அப்பா எப்போ வந்தார்?" என்று மட்டும்தான்.

காலை எட்டு மணிக்கு வந்தாராம். முழங்கை வரை கிரீஸ். நர்ஸ் குழந்தையைத் தொட விடவில்லை, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாராம். என்னைக் கையில் வாங்கியதும் சொன்னது, "மூணு கிலோ இருக்கும்." எடை பார்த்ததில் 2.9.

அப்புறம் அம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"கட்டில் பக்கத்துல பெஞ்ச்ல உக்காந்தபடியே தூங்கிட்டார். ஆனா சரியாத் தூங்கலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திடுக்குனு முழிப்பார், மணியைப் பார்ப்பார், எந்திரிக்கப் போவார், உன்னைப் பார்ப்பார், மறுபடி உக்காருவார். மத்தியானம் வரைக்கும் அப்படித்தான். உன்னைப் பாக்கத்தான் அப்படி எந்திரிக்கிறார்னு நினைச்சேன். அதனாலதான் ராத்திரி வராததுக்கு நான் ஒரு வார்த்தை கேக்கலை."

அம்மா இதை நாற்பது வருடமாக வைத்திருக்கிறார். அவரிடம் இந்த 180-ஐச் சொல்லலாமா?


பாலத்தடி
வியாழன், இரவு 9:02

சொல்லாதீர்கள்.


அரைப்புள்ளி
வியாழன், இரவு 9:10

புத்தகத்தில் டைரிப் பக்கத்தைப் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது எப்படி? இரண்டில் ஒன்றுதான்.


கொதிகலன்
வியாழன், இரவு 9:18

சொல்லும்மா. முதல் தடவை மணியைப் பார்த்து எழுந்திருப்பார். அது பழக்க தோஷம், எனக்கும் உண்டு. ஆனால் மத்தியானம் வரைக்கும் எழுந்தார் என்கிறாரே. ஹாலை விட்டு வெளியே வந்து அவ்வளவு நேரம் எனக்கு நிலைத்ததில்லை.


சி ஷிஃப்ட்
வியாழன், இரவு 9:24

எனக்கு இன்றைக்கு நைட். இன்னும் படிக்க ஆசைதான், கிளம்புகிறேன். அங்கே ஒருத்தர் காத்துக்கொண்டிருப்பார்.